கயிற்றில் கைவைத்துக் கேட்ட கேள்வி

பல்கலைக்கழக விரிவுரையாளர் எங்கள் கரைக்கு வருவதற்கு முன்னரே நான் கிராமசபையின் செயலாளர். திருகோணமலையில் கல்லூரிப் படிப்பை முடித்தவன். வீதியில் என்னைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கித்தான் பேசுவார்கள். பெருமைக்காக இதைக் கூறவில்லை. அவர் தமது ஆய்வுக்கு உதவியாளராக என்னைத் தேர்ந்தது தற்செயல் அன்று என்பதற்காகவே கூறுகிறேன்.

சாதாரண மக்கள் பொதுக் காரியங்களை எவ்வாறு விவாதித்து முடிவெடுக்கிறார்கள் என்பதே எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மேற்கொண்ட ஆய்வு. அப்போது சபை ஒரு மீன் சந்தை கட்டவிருந்தது. கடற்கரையில், மீனவர் கொட்டிலான வாடிக்கு அருகிலா, நிலாவெளி பஸ் வீதியிலா என்பதே கேள்வி. ஊராரை மண்டபத்துக்கு அழைத்துக் கதிரைகளில் அமர்த்தி வினாத்தாளை வாசித்தேன். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் முதலில் எழுந்து, "வாடியடிதான் நல்லம்" என்றார். வாடியும் அவருடையதே. மற்றவர்கள் வரிசையாக, "ஓம், சம்மாட்டியார் சொன்னதுதான்" என்றார்கள். 'ஏகமனதாக' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். விரிவுரையாளர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, இத்தனை ஒற்றுமையான ஊரைத் தாம் கண்டதில்லை என்றார். பாராட்டு என்றே நான் கொண்டேன்.

மறுநாள் காலை அவரைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மற்றவர்களோடு அவரும் வலைக்கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் கடைசிக் கதிரையில் அடங்கியிருந்த மெலிந்த மனிதர் இங்கே முழங்கிக்கொண்டிருந்தார்.

"வாடியடியில சந்தை வைச்சா மீனை ஆர் வாங்குறது? காகமோ?"

"உன்ர மச்சான்ர தேத்தண்ணிக் கடை பஸ் வீதியில கிடக்கு. அதுதானே இந்தக் கதை?" என்றார் அருகில் இழுத்துக்கொண்டிருந்த சம்மாட்டியார்.

"ஓம், கிடக்கட்டும். தேத்தண்ணி குடிக்க வாறவன்தான் மீனும் வாங்குவான்!"

கரை முழுவதும் சிரித்தது, சம்மாட்டியாரும் சிரித்தார். நான் காய்ந்த மணலில் நின்றபடி, நேற்று ஏன் இதைச் சொல்லவில்லை என்று அந்த மெலிந்தவரிடம் வினவினேன்.

"செயலாளர் ஐயா, கதிரையில இருந்துகொண்டு சம்மாட்டியாரை எதிர்த்துக் கதைக்க ஏலாது. கயித்தில கைவைச்சவன் ஆரையும் எதுவும் கேட்கலாம். வலை கரைக்கு வந்தாப் பிறகு ஒருத்தரும் அதை மனசில வைக்கிறேல்லை. நீங்களும் பிடிச்சிட்டுக் கேளுங்கோ."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இவ்வழக்கம் எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. என் சட்டைப் பையில் கையொப்பமிட்ட அந்தத் தாள் இருந்தது. அது விரிவுரையாளர் எழுதும் ஆய்வு நூலில் ஏறினால், ஒரு பொய்யின் கீழ் என் பெயர் நிலைத்துவிடும். திருத்தினாலோ, செயலாளர் பிழை விட்டார் என்று நிலாவெளி முதல் சாம்பல்தீவு வரை பேசுவார்கள்.

சப்பாத்தைக் கழற்றினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதே வினாக்களை முதலிலிருந்து கேட்டேன். ஒருவரை ஒருவர் வெட்டியும் கேலி செய்தும் பதில்கள் வந்தன. எனக்கும் கிடைத்தது: "ஐயா, கேள்விதான் பாரமாக் கிடக்கு, உங்கட பக்கம் கயிறு தொங்குது. கொஞ்சம் இழுங்கோ!" வலையின் மடி கரையைத் தொடும் முன்னர் சம்மாட்டியாரே, "சரியடாப்பா, வீதியிலயே வையுங்கோ" என்று விட்டுக்கொடுத்தார். ஈரக் கையோடு 'ஏகமனதாக' என்பதை வெட்டி, எதிர்ப்புகள் அனைத்தையும் எழுதி, மீண்டும் கையொப்பமிட்டேன்.

விரிவுரையாளர் வற்புறுத்தியதால்தான் நான் அதைத் திருத்தினேன் என்று பின்னர் சிலர் சொல்லித் திரிந்தார்கள். அது சரியன்று. அவர் அவ்வேளை வலையில் அகப்பட்ட ஒரு திருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் சொல்லாமல், நானே திருத்தினேன்.