புது வண்டிக்கு மாலை

திருத்தணி மலைக்குச் சாலை பிரியும் இடத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பொதட்டூர்பேட்டைக்கு டீசல் ஆட்டோ ஓட்டியவர். புகையிலேயே கிடந்து நெஞ்சு கெட்டுப்போனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "டீசல் வண்டிய விட்டுட்டு வேற பொழப்பு பாருப்பா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மலைக்குப் பேட்டரி வேன் விட்டார்கள். பெட்ரோல், டீசல் வண்டியெல்லாம் கீழேயே நிற்க வேண்டும், வேனில்தான் மேலே போக வேண்டும் என்று உத்தரவு. அதை ஓட்டும் வேலை இவருக்குக் கிடைத்தது. ஒரே மாதத்தில் இருமல் குறைந்தது. "சத்தமே இல்லம்மே, வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

உத்தரவில் ஒரு விலக்கு இருந்தது. புது வண்டி வாங்கினால் மலைமேல் ஏற்றி பூஜை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம், ஆந்திராவிலிருந்துகூட வருவார்கள். அதனால் பூஜைக்கு வரும் புது வண்டி மட்டும் போகலாம் என்றார்கள்.

காவலுக்கு நின்றவர் பார்த்தது மாலையைத்தான். முன்னால் சாமந்தி மாலை தொங்கினால் கை காட்டி அனுப்பிவிடுவார். இது ஊருக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓடித் தேய்ந்த கார்களெல்லாம் என் கடை முன்னால் வந்து நின்றன. "அக்கா, பெருசா ஒரு மாலை குடு. வேனுக்கு எவன் காத்துகினு இருப்பான்?" இஞ்சினை அணைக்காமல், ஏசியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா வெயிலு! எல்லாம் வண்டிப் புகைதான்" என்று என்னிடமே சொன்ன மகராசர்களும் உண்டு.

கேட்டவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்தேன். என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

வேனில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. "நம்ம பக்கத்துல இத்தினி பேரா புது வண்டி வாங்கிகினு கீறாங்க?" என்று இவர் சாயங்காலம் வந்து ஆச்சரியப்படுவார். நான் தலை நிமிராமல் நார் கிழித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கதவு துருப்பிடித்த ஜீப் ஒன்று கரும்புகை கக்கிக்கொண்டு அவர் வேனை முந்திப் போயிருக்கிறது. அதில் தொங்கிய மாலையின் நுனியில் மரிக்கொழுந்து இருந்திருக்கிறது. அப்படிக் கட்டுவது இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

காலி வேன் எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். டயரில் காற்று இறங்கி அடிவாரத்தில் நிற்கிறது. மலைச்சாலை பழையபடி எல்லா வண்டிக்கும் திறந்தது, மாலை கேட்டு எவரும் வரவில்லை. இவர் டீசல் ஆட்டோவுக்கே திரும்பினார். இருமலும் திரும்பியது.

ஆயுத பூஜையன்று ஆட்டோவைக் கழுவிவிட்டுக் கடைக்கு வந்தார். இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ரெண்டு மாலை குடு."

"ஆட்டோவுக்கு ஒண்ணு. இன்னொண்ணு யாருக்கு?"

"அந்த வேனுக்கு. ஊர்ல கீற வண்டிக்கெல்லாம் கட்டிக் குடுத்த, அதுக்கு மட்டும் நீ ஒரு மாலைகூட போடல."