வெள்ளை வெளிச்சம் விற்றவன்

விளக்குக் கடைக்கு வெளிச்சம் கேட்டு வருகிறவர்கள் குறைவு. வெள்ளை கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இராஜபாளையத்தில் பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். நீங்களும் கடைக்காரர் என்றால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

பொடி கொஞ்சம் தூக்கலாக

எண்பதுகளில் ஒரு நாள் தளவாய்புரத்து விவசாயி சுப்பையா டியூப்லைட் வாங்க வந்தார். மகள் பேச்சியம்மாளை வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே வந்தவர்கள் ‘நிறம் கம்மி’ என்று சொல்லிப் போய்விட்டார்கள். இதுவும் தட்டிப்போய்விடுமோ என்று மனுஷன் கலங்கிப்போயிருந்தார்.

பேச்சை மாற்றலாமே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். குழாய்க்குள் உண்டாகிற ஒளி பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பொடியில் பட்டுத்தான் வெள்ளையாகிறது என்றேன். சுப்பையா குழாயைத் தடவிப் பார்த்தார்.

“அப்பம் அந்தப் பொடிய இன்னுங் கொஞ்சம் கூடப் போட்டுத் தாங்க அண்ணாச்சி, எம்மவ அம்புட்டுக்கு வெளுப்பாத் தெரிவா!”

பெண் பார்த்த அன்று

வெள்ளிக்கிழமை நானே போய் மாட்டினேன். ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். சுப்பையா என்னிடம் கண்ணைக் காட்டினார்; சுவிட்சைப் போட்டேன். பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற பேச்சியம்மாள், காப்பித் தட்டோடு வந்தவள், நேராகப் போய் டியூப்லைட்டை அணைத்தாள். வாசல் கதவை முழுக்கத் திறந்தாள். சாயங்கால வெயில் கூடத்துக்குள் வந்தது.

“வெயில்லதான அவிய கூட நடக்கப் போறேன்? வெயில்லயே பாத்துக்கிடட்டும்.”

நீலமும் மஞ்சளும்

அந்த மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்துப்போய், கல்யாணமும் நடந்தது. கிருஷ்ணன்கோவில் இன்ஜினியரிங் காலேஜ் லேபில் அவருக்கு வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் குடித்தனம். தொண்ணூறுகளின் கடைசியில் இருவரும் ஃபேன் வாங்க வந்தார்கள். அவளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம்.

அவர் பையிலிருந்து ஒரு குட்டி எல்.இ.டி.யை எடுத்து பேட்டரியில் பொருத்தினார். பளீரென்று வெள்ளை! உள்ளே எரிவது நீலம்தானாம். அதன்மேல் பூசிய மஞ்சள் பொடி, நீலத்தில் பாதியை மஞ்சளாக்கிவிடுமாம். இரண்டும் கலந்து வருவதைத்தான் நம் கண் வெள்ளை என்கிறதாம். அணைத்துக் காட்டினார், மஞ்சள் பொட்டு மட்டும் தெரிந்தது. பேச்சியம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

“வெள்ளைன்னு தனியா ஒண்ணு உள்ள கெடயவே கெடயாதா? இதுக்கா எங்கப்பா அம்புட்டு அழுதாவ!”

மறுநாள் கடை திறந்ததும் ஒருவர் வந்து, இருப்பதிலேயே நல்ல வெள்ளையாக ஒரு டியூப் கேட்டார். நானும் எடுத்துக் கொடுத்துக் காசைக் கல்லாவில் போட்டேன், பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.