வலது காலில் நிற்கும் நான்கு பெண்கள்

நான் ஒன்பதாவது படித்தபோது எங்கள் வீட்டில் கிரேக்கர்களைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கிரேக்கர்கள் இருக்கட்டும், ஒன்பதாவது வரை போனதே நான் ஒருத்திதான். வரலாற்று டீச்சர் இரவல் கொடுத்த படப்புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. மரத்தூண் வைத்துக் கோயில் கட்டியவர்கள் எப்படிக் கல்தூணுக்கு வந்தார்கள், மொட்டைத் தலையாக இருந்த தூண் எப்படி ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டு, பிறகு இலை இலையாக விரிந்தது என்றெல்லாம் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களுக்கும்தான். பெரும்பாலும் அவர்களே கிடைத்தார்கள்.

மாமாவுக்கு மட்டும் அது உண்மையிலேயே தேவைப்பட்டது. அம்மாவின் தம்பி அவர். சிமெண்டில் யானை, மயில், குடம் ஏந்திய பெண் எல்லாம் செய்வார். அனுமந்தன்பட்டிப் பக்கம் ஓர் ஏலக்காய் வியாபாரி கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். தூணுக்குப் பதிலாகப் பெண்கள் கூரையைத் தலையில் தாங்கி நிற்கும் ஒரு கிரேக்கக் கோயிலின் படத்தைப் போனில் காட்டி, வாசலின் இரு பக்கமும் இரண்டிரண்டு பெண்கள் அதேபோல வேண்டும் என்று மாமாவிடம் கேட்டிருந்தார். கூரையைத் தாங்கப்போவது என்னவோ பின்னாலிருந்த கான்கிரீட் தூண்கள்தான்.

மாமா செய்த முதல் பெண், பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்பவளைப் போல விறைப்பாக நின்றாள். வியாபாரிக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் நான் புத்தகத்தோடு போனேன். அந்தக் கட்டிடத்தில்தான் அம்மாவுக்கும் சித்தாள் வேலை. சாந்துச் சட்டியைச் சுமந்து மாடிக்கு ஏற்றுவாள்.

"அவுகளும் மொதல்ல இப்பிடித்தான் மாமா செஞ்சாக," என்று படத்தைக் காட்டினேன். பழைய சிலைகளில் இரண்டு காலிலும் சமமாக எடை இருக்கும், கைகள் தொடையோடு ஒட்டியிருக்கும். பிந்திய சிலைகளில் உடம்பின் பாரம் ஒரு காலுக்குப் போய்விடும், மறு முழங்கால் தளர்ந்திருக்கும், ஒரு பக்க இடுப்பு மேலே ஏறும். "இதக் கண்டுபுடிக்க அவுகளுக்கு நூறு வருசத்துக்கு மேல ஆச்சாம்."

"எனக்குத் திங்கக்கெழம வரைக்குந்தான இருக்கு ஆத்தா," என்றார் மாமா.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே, தலையில் சட்டியோடு, மேலே இருப்பவர்கள் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். வலது காலில் பாரம், இடது முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பு ஒரு பக்கம் ஏறி, அப்படியே புத்தகத்தில் இருந்தவள். நான் கத்தினேன். மாமாவும் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அங்கனயே நில்லு. அசையாத."

"ஏலே, சாந்து காஞ்சிரும்ல. மேஸ்திரியண்ணன் வையப்போறாக."

மேஸ்திரி வையவில்லை. முதலாளி ஆசைப்பட்ட வேலை என்பதால் சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு ஒனக்கு நிக்கிறதுதாந்தா வேல," என்றார். பாவமென்று யாரோ சட்டியைக் காலி செய்து கொடுத்தார்கள். காலிச் சட்டிக்கு அம்மாவின் கழுத்தும் இடுப்பும் வேறு மாதிரி நின்றன. மறுபடி சாந்தை நிரப்பச் சொன்னது நான்தான்.

மதியம் வரை அம்மா நின்றாள். மாமா விறைத்த பெண்ணை இடுப்புக்குக் கீழே உடைத்து, கம்பியை வளைத்து, புதிதாகச் சாந்து பூசினார். நிற்கிற காலின் மேல் துணிமடிப்பு தூணின் வரிகளைப் போல நேராக விழவேண்டும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். சாயங்காலத்துக்குள் அவளுக்கு உடம்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்பக்கத்துப் பெண்கள். புத்தகத்தில் ஒரு பக்கத்தவர்கள் வலது காலிலும், மறு பக்கத்தவர்கள் இடது காலிலும் நின்றார்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல.

"அம்மா, இப்ப எடது காலுல நில்லு."

"எதுக்குத்தா? இதே நல்லாத்தான இருக்கு."

"புத்தகத்துல அப்பிடித்தான் இருக்கு."

"புத்தகத்துல இருக்கவ நிப்பா. அவளுக்கென்ன."

வேலையாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. "ஒரு காலு மாத்தி நிக்கக்கூடவா ஒனக்குத் தெரியாது?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. இடது காலை ஊன்றிப் பாரத்தை அதில் இறக்கினாள். அவ்வளவுதான். சட்டி சரிந்து சாந்து முழுக்க அவள் தோளில் கொட்டியது. பக்கத்தில் நின்ற சிமெண்டுப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டதால் அம்மா கீழே விழவில்லை.

மேஸ்திரி வந்து அவள் காலையே பார்த்தார். "எத்தன நாளாத்தா இப்பிடி?"

"ஒண்ணுமில்லண்ணே. சறுக்கிருச்சு."

அவர் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு அந்தச் சட்டியை எடுக்கச் சொன்னார்.

மாமா நான்கு பெண்களையும் வலது காலிலேயே நிற்க வைப்பதென்று முடிவு செய்தார். எல்லாவற்றையும் முடிக்க நாளாகும் என்றாலும், திங்கட்கிழமை வந்த வியாபாரி முதல் பெண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இப்பத்தான்யா உசுரு வந்திருக்கு," என்றார். மாமாவின் வேலை தப்பியது. கண்ணாடி போல அமையவேண்டியதை அம்மா கெடுத்துவிட்டாள் என்று நான் ஞாயிறும் திங்களும் அவளோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி எங்கள் தெருவில் நிற்காமல் போனது. கேட்டதற்கு, "மேஸ்திரி கொஞ்ச நாளு இருக்கச் சொல்லிட்டாக," என்றாள் அம்மா. படியேற முடியாத சித்தாளை எந்த மேஸ்திரியும் கூப்பிடமாட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இடது முழங்கால் வலியை ஒரு வருடத்துக்கு மேலாக அவள் எல்லோரிடமும் மறைத்துவைத்திருந்தாள் என்பதும் தெரியாது. பள்ளி விட்டு வரும்போது, வெளிச்சம் இருக்கும்போதே அம்மா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

சிலைக்கு நின்றதற்காக எங்கள் அம்மாவுக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும்.