பின்னால் நின்றவள்

எனக்குப் பொறாமை வந்தது ஒரு வெள்ளைக்காரி மேல். நகைநட்டைப் பார்த்து வந்த பொறாமை இல்லை. அவள் கழுத்தில் பொட்டுத் தங்கம்கூடக் கிடையாது. தொண்ணூறுகளில், காந்திகிராமத்துப் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது, நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் கையில் கிடைத்தது. அமெரிக்காவில் அப்பலாச்சியா என்ற மலைப்பக்கம், நிலக்கரிச் சுரங்கத்தையும் ஆற்றையும் நம்பிப் பிழைத்தவர்களின் பழைய போட்டோக்கள். கரி அப்பிய முகத்தோடு சாப்பிடுகிறவன், படகில் மூட்டை ஏற்றுகிறவர்கள். ஒரு படத்தில் இந்த வெள்ளைக்காரி வாசற்படியில் நின்று துணி பிழிகிறாள். ஈரக்கை, அவிழ்ந்த கொண்டை. அதையும் எவனோ மெனக்கெட்டு எடுத்திருக்கிறான்.

எனக்கு வயிறு எரிந்தது. அம்மா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் போட்டோ என்றால் கல்யாணம், சடங்கு, சாவு. வேலை செய்கிற மனுஷியை யார் எடுப்பார்கள்? வீட்டில் மாலை போட்டுத் தொங்கியது, அண்ணன் கல்யாணப் படத்தின் கும்பலிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய அம்மாவின் தலை. முகமெல்லாம் பவுடர், கண்ணில் பயம். அது அம்மாவே இல்லை. அம்மா ஓயாமல் சிரிக்கிறவள்.

ஊருக்குப் போனபோது இந்தப் புலம்பலைப் பக்கத்துத் தோட்டத்து அத்தையிடம் கொட்டினேன்.

“ஏத்தா, எங்கிட்டயும் அப்படி ஒண்ணு கெடக்கே” என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

எப்போதோ ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், அத்தை மல்லிகை பறிப்பதை எடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தார். அத்தைக்குப் பின்னால், மடி நிறைய மொட்டோடு, வாய்விட்டுச் சிரித்தபடி என் அம்மா. கொஞ்சம் மங்கல்தான். இருந்தாலும் அம்மா.

சந்தோஷத்தை முந்திக்கொண்டு பொறாமைதான் வந்தது. என் அம்மாவுக்கு இவர் பெட்டிக்குள் என்ன வேலை?

“எனக்குக் குடுங்கத்தை.”

“ஆசை தோசை! என்னையப் புடிச்ச ஒரே போட்டோ இது. டவுன் ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசாப் போட்டு ஆளுக்கொண்ணு வச்சுக்குவோம். பொறு.”

அடுத்த முறை போனபோது முந்தானையால் மூடி ஒரு பிரேமைக் கொண்டுவந்தார். உள்ளே ஓர் அருவி. அதன் முன்னால் அத்தை. சுற்றிலும் ரோஜாப்பூ. கழுத்தில், அவரிடம் இல்லாத ஒரு சங்கிலி. மல்லிகைச் செடி இல்லை. அம்மா இல்லை.

“பின்னாடி யாரோ நிக்குது, எடுப்பா இருக்காதுன்னு என்னைய மட்டும் பிளேடால வெட்டி, அருவிப் படத்துல ஒட்டி, மறுபடி போட்டோ புடிச்சானாம்த்தா. நல்லா இருக்கணும்னுதான் பண்ணிருக்கான், பாவிப்பய.”

“வெட்டுன மிச்சம் எங்கத்தை?”

“கேட்டேன்த்தா. கூட்டித் தள்ளிட்டானாம்.”

அத்தை பிரேமைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பொய்ச் சங்கிலியைச் சுரண்டி எடுக்கவேண்டும் என்று ஆத்திரம்தான் வந்தது.

திரும்பி வந்ததும் நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். துணி பிழிகிறவளை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் பார்த்தேன். வேலியோரம் வாளியோடு இன்னொருத்தி. முகம் பாதி மங்கல், சிரிக்கிறாள். அவளை யாரும் வெட்டி எறியவில்லை. அவள் பெற்ற மகள் யாரோ, கொடுத்து வைத்தவள்.