பொட்டு வைத்த படம்

அக்காவின் படம் இப்போது செம்பூரில் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கண்ணாடியில் ஒரு குங்குமக் கறை. துடைக்க வந்த மருமகளை அதட்டியிருக்கிறேன், காரணம் சொன்னதில்லை.

பழுப்பேறிய பழைய புகைப்படம். கல்லில் செதுக்கிய ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். எதிரே நிற்கும் ஆண் அவள் கையைப் பற்றியிருக்கிறான். ஓரத்தில் புகைபோல ஓர் உருவம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி நூலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அத்திம்பேர், கழித்துப்போட்ட ஆல்பம் ஒன்றிலிருந்து இதை எடுத்து வந்தார். "கிரேக்க தேசத்துக் கல். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாம நிக்கணும். ஓரத்துல நின்ன இந்தக் காவல்காரன் அசஞ்சான், கரைஞ்சு போயிட்டான்" என்றார். அக்காவோ அது கல்யாணத்தில் கைப்பிடிக்கும் பாணிக்கிரகணம்தான் என்று தீர்மானித்துவிட்டாள். மாதுங்கா வீட்டுக் கூடத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கல் பெண்ணின் நெற்றிக்குக் குங்குமம் வைத்தாள்.

யுத்தத்தில் ராணுவ ஆபீஸ் வேலையாக அத்திம்பேர் கடல் கடந்து போனார். நாலு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் அக்கா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். அவளுடனே இருந்த எனக்கும் ரயில்வே ஆபீசில் வேலை ஓடாது. அந்த மழைக்காலத்தில் ஈரம் இறங்கிய சட்டத்தைக் கழற்றினேன். படம் ஒட்டிய அட்டையின் பின்னால் பென்சிலில் ஆங்கிலம்: கல்லறைக் கல், இறந்தவருக்கு விடைகொடுக்கும் காட்சி. அத்திம்பேர் அதைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். சகுனமெல்லாம் சும்மா என்று ஆபீசில் பீற்றிக்கொள்பவன் நான். ஆனாலும் அதைத் திரும்ப மாட்டவில்லை. படத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்துவிட்டு, புதுச் சட்டம் போடக் கொடுத்திருப்பதாகப் பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை மாலை அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "கடைக்காரன் நம்மாத்து டிரங்குக்குள்ள உக்காந்தா சட்டம் போடறான்?"

உண்மையைச் சொன்னேன். அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"இதுல போனது யாருடா?"

மறுபடி திருப்பி, கடைசி வரியைப் படித்தேன். "உக்காந்திருக்கறவதான், அக்கா."

அவள் பெருமூச்சு விட்டாள். பயந்ததாகத் தெரியவில்லை. "போனது அவர் இல்லையே. கொண்டுபோய் மாட்டு. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அத்திம்பேர் திரும்பி வந்தார். பல வருஷம் கழித்து, அவருக்கு முன்னால் அக்கா பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குப் பிறகு பொட்டு வைத்து அவள் வேண்டிக்கொண்டது அதைத்தானா என்று நினைத்தால் இந்தப் படத்தின் முன்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கிறேன். கண்ணாடியில் இருப்பது அவள் கடைசியாக வைத்த பொட்டு. அதை யாரும் துடைக்க வேண்டாம்.