ஓரகத்தி சுற்றிய கம்பு

கம்பைச் சுற்றி நிறுத்தினேன். கம்பு நின்றது. மைதானம் நிற்கவில்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திரும்பித் திரும்பிச் சுற்றினால் கொஞ்ச நேரம் கிறுகிறுக்கும். சிலம்ப வகுப்பில் அது எல்லாருக்கும் பழகியது. அன்று கிறுகிறுப்பு அடங்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. பள்ளிக்கூடச் சுவர், வேப்பமரம், வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. கம்பை ஊன்றி உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டவள் சுகுணா, என் ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. அவளை நினைத்தால் எனக்கு நன்றி வர வேண்டும். வந்தது வேறு. அதைச் சொல்லாமல் இந்த நோயைப் பற்றி எழுத என்னால் முடியாது.

சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோனார்கள். கண்ணைத் திறந்தால் உலகம் சுற்றியது, மூடினால் நான் சுற்றினேன். டாக்டரம்மா என் தலையை இரு கைகளாலும் பிடித்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டு வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பியபோது என் பார்வை அவர் மூக்கிலேயே நின்றது. இடப்பக்கம் திருப்பியபோது வழுக்கிப் போய், தேடித் திரும்பி வந்தது. நிஸ்டாக்மஸ் (கண்மணி தானாக ஒரு பக்கம் துடித்துத் துடித்து நகர்வது) இருக்கிறதென்று குறித்துக்கொண்டார். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

"ஏனுங்க டாக்டர், வாதமுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"இல்லீங்க, மூளையில ஒண்ணும் இல்ல. இடது காதுக்குள்ள இருக்கிற நரம்புலதான் பிரச்சினை" என்றார்.

வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும் காது நரம்பில் வரும் அழற்சி) என்பது அதன் பெயர். காது நன்றாகவே கேட்கும். இரண்டு காதுகளும் சேர்ந்து சொல்ல வேண்டிய சேதியை ஒரு காது மட்டும் சொல்ல, மூளை குழம்பிப்போகிறது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஆடிக்குள்ள கம்பு சுத்தலாங்களா?"

"மொதல்ல பாத்ரூமுக்குத் தனியாப் போயிட்டு வாங்க. அப்புறம் ஆடியப் பத்திப் பேசலாம்."

எங்கள் ஆட்டையாம்பட்டியில் ஆடி மாதம் மாரியம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் எங்கள் சிலம்ப வகுப்பு போகும். வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் உண்டு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் உண்டு. எல்லாருக்கும் முன்னால் ஒருவர் கம்பு சுற்றிக்கொண்டே கூட்டத்தை விலக்கி வழி செய்வார். வயதும் உறவும் மைதானத்துக்கு வெளியே, கம்பு யாருக்கு நன்றாக வருகிறதோ அவர்தான் முன்னால் என்பது மாஸ்டரின் சட்டம். நாற்பத்து நாலு வயதில் அந்த இடம் எனக்குக் கிடைத்திருந்தது. அதுவரை நான் முன்னால் நின்றது ரேஷன் கடையில் மட்டும்தான்.

சுகுணாவை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான். கொழுந்தனார் விடவில்லை, அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். முதல் நாள் அவள் ஒட்டடை அடிக்க வந்தவள் மாதிரி கம்பைப் பிடித்தாள். விரல் வைக்கும் இடத்திலிருந்து சொல்லிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது ஒரு காலையில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு வந்தாள். வகுப்பு முடிந்து நேராக வந்திருந்தாள். வகுப்புச் சீருடைப் பனியனின் முதுகில் வியர்வை. அந்த வியர்வையைப் பார்த்ததுமே எனக்கு ஆகவில்லை.

"அக்கா, மாஸ்டரு இந்த ஆடிக்கு என்னைய முன்னால நிக்கச் சொல்லிட்டாருங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றதுக்கு இருக்குது? நில்லு சாமி" என்றேன்.

அவள் போனதும் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். திரும்பிய திரும்பலில் கட்டிலே கவிழ்ந்த மாதிரி இருந்தது. இருக்க இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, இதுதான் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. அசிடிட்டி மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். செய்தால் குமட்டும். குமட்டக் குமட்டச் செய்தால்தான், இனி ஒரு காதை வைத்தே சமாளிக்க வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்ளும் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கம்பு சுற்றிய கையை மூஞ்சிக்கு முன்னால் நீட்டி விளையாடுவதா? ஒரு முறை செய்தேன், மறுபடி செய்யவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தேன். கிறுகிறுப்புக்குக் கொடுக்கும் மாத்திரை முதல் சில நாட்களுக்கு மட்டும்தான். நீட்டித்தால் மூளை சோம்பேறி ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்னது காதில் விழாமல் இல்லை.

எங்கள் வீட்டுக்கும் சுகுணா வீட்டுக்கும் நடுவில் தறிக்கூடம். அதன் தகரக் கூரைக்கு மேலே அவள் வீட்டு மாடி என் ஜன்னலில் தெரியும். காலையில் தறி ஓடத் தொடங்கும் நேரத்தில் அவள் மாடிக்கு வந்து சுற்றுவாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே கம்பு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். படுத்தபடி பார்த்தேன். எங்கே தப்பு விடுகிறாள் என்று பார்த்தேன். கம்பு போகும் பக்கமெல்லாம் என் தலையும் போயிற்று. குமட்டியது. பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு, வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி பார்த்தேன்.

படுத்துப் பார்த்தால் கம்பின் நுனிதான் தெரிந்தது. அவள் கையைப் பார்க்க எழுந்து உட்கார்ந்தேன். தோளைப் பார்க்க ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றேன். காலடிதான் சிலம்பத்துக்கு உயிர். அதைப் பார்க்க வேண்டுமானால் அவள் மாடியைவிட உயரமான எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏற வேண்டும். சுவரைத் தடவித் தடவி ஏறினேன். யாராவது வந்தால் துணி காய்ந்ததா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

தப்பு கிடைத்தது. வலப்பக்கம் திரும்பும்போது அவளுடைய இடது முழங்கால் மடங்காமல் விறைத்து நிற்கிறது. வேகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அடுத்த முறை போனபோது பிசியோதெரபிஸ்ட் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டே நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். "பரவாயில்லையே, பயிற்சிய விடாம செஞ்சிருக்கீங்க" என்றார்.

"எங்கீங்க, இவ ஒரு நாளு கட்டைவெரலத் தூக்கி நான் பாக்கலீங்க" என்று போட்டுக்கொடுத்துவிட்டார் என் கணவர்.

"அப்ப வேற என்ன செஞ்சீங்க?"

"எங்க ஓரகத்தி கம்பு சுத்தறதப் பாத்துட்டு இருந்தனுங்க. படி ஏறி நின்னு பாப்பனுங்க."

"அது எதுக்குங்க?"

"பொறாமையிலதானுங்க."

அவர் அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார். கண்ணும் தலையும் ஓடும் பொருளைத் தொடர்வதும் பயிற்சிதான், விடாமல் பாருங்கள் என்றார். பொறாமைப்பட மருத்துவமனையில் அனுமதி வாங்கி வந்தவள் எங்கள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆடி வந்தது. நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் நின்றேன். மேளமும் சீரியல் விளக்கும் நெரிசலும் சேர்ந்து என்னை இடப்பக்கமே சாய்த்தன. சுகுணா முன்னால் வந்தாள். கூட்டம் தானாக விலகியது. நன்றாகச் சுற்றினாள் என்று எழுதவே எனக்கு மனம் வரவில்லை, நன்றாகத்தான் சுற்றினாள். "உங்க ஓரகத்தி என்னமாச் சுத்தறா!" என்றாள் பக்கத்தில் நின்றவள். "நான் கூட்டிட்டுப் போயித்தான் கத்துக்கிட்டா" என்றேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது வகுப்புக்குத் திரும்பினேன். இன்றைக்கும் இருட்டில் கண்ணை மூடி நின்றால் இடப்பக்கம் சாய்வேன். வெடுக்கென்று திரும்பினால் நான் முதலில் போய்விடுகிறேன். சுவரும் மரமும் ஒரு கணம் தாமதமாக வந்து சேர்கின்றன. அந்த ஒரு கணத்துக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். முன்பெல்லாம் என் உடம்புக்கும் எனக்கும் நடுவில் இப்படியொரு இடைவெளி இருந்ததில்லை.

வரிசையில் கடைசியில் போய் நின்றேன். ஜோடி போடும்போது மாஸ்டர் சுகுணாவை என் எதிரே விட்டார். அவள் வீசினாள். கம்பு என் மேல் படுவதற்கு ஒரு சாண் முன்பே நின்றது. மறுபடி வீசினாள், மறுபடி நின்றது.

"எதுக்கு நிறுத்தற?"

"வேண்டாங்க்கா. உங்களப் பாத்தா பாவமா இருக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாவம் பாக்க நீ யாருடீ? அடிக்கறதுன்னா அடி, இல்லீன்னா ஊட்டுக்குப் போ" என்றேன். மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சுகுணாவின் முகம் சிவந்துவிட்டது. "படியில நின்னு தெனமும் என்னையப் பாத்தீங்கல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இன்னைக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு இருந்தேன். நல்லா சுத்தறன்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. நீங்க பாக்கறீங்கன்னுதானுங்க்கா மழையிலயும் மாடிக்கு வந்தேன்" என்றாள்.

எத்தனையோ நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். "வலப்பக்கம் திரும்பறப்ப இடது முட்டி வெறப்பா நிக்குது. மடக்கோணும்."

அவள் குனிந்து முழங்காலைப் பார்த்தாள். மடக்கி நின்றாள். திரும்பி வீசினாள். கம்பு வந்த வேகத்தில் உலகம் எனக்கு வழக்கம்போல் ஒரு கணம் தாமதமாகத்தான் வந்தது. அடி என் மணிக்கட்டில் விழுந்தது.

வலி உச்சந்தலை வரை ஏறியது. மற்றவர்கள் ஓடி வந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, அழுகை இல்லை. தலைசுற்றலைத் தொட்டுக் காட்ட முடியாது, எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைத் தொட்டுக் காட்ட முடிந்தது. சாயங்காலம் வீங்கும், நாளைக்குக் கன்றிப்போகும், பத்துப் போட்டால் வாரக் கடைசிக்குள் போய்விடும். என் உடம்புக்கு நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்து வெகு காலம் ஆகியிருந்தது.

"போதுங்க்கா, உக்காருங்க" என்றாள் சுகுணா.

"இன்னொருக்கா வா" என்றேன்.

அவள் முழங்காலை மடக்கி நின்றாள். அழகாக நின்றாள், பாவி. எனக்கு வயிறு எரிந்தது. கம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன்.