பரமு அண்ணையும் தெளியாத தேன் வைனும்

பரமு அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் ஹோட்டலின் கெல்லரில், நிலத்துக்குக் கீழே வைன் வைக்கும் அறையில், போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தேன். வழமையாக மேல்படியில் நின்றே கூப்பிடும் முதலாளி அன்று கீழே இறங்கி வந்தார். ஓஸ்டர்முண்டிகனில் இருந்து தொலைபேசி வந்தது, மாரடைப்பாம் என்றார். பிறகு என் தோளில் கையை வைத்து, "நல்ல மனிதர்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டபோதும் அது ஆறியிருக்கவில்லை. நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். எனக்கும் அண்ணைக்கும் சண்டை வந்ததே அவருடைய நல்ல குணத்தால்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

உங்களில் பலர் அவரை பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனுக்கு ஆஸ்பத்திரித் தரை துடைக்க வந்தபிறகுதான் அறிவீர்கள். அதற்கு முன், சுவிஸுக்கு வந்த புதிதில், இன்டர்லாக்கனில் இதே ஹோட்டலில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினோம். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கிய எங்களுக்கு அதைவிட வேறு என்ன வேலை கிடைத்தது? ஊரில் அவர் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். சவர்க்காரத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவேயில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசியும். கையுறை போட்டால் இன்னும் மோசம். சோற்றைக் கையால் குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று டொக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தை முதலாளி வாசித்துவிட்டு, வேறு வேலை இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அகதி விண்ணப்பம் முடியாமல் வேறு இடம் தேடுவதும் லேசான காரியமல்ல.

முதலாளியின் தம்பி தேனீ வளர்ப்பவர். விற்க முடியாமல் மிஞ்சும் தேனில் முதலாளி ஒவ்வொரு வருடமும் தேன் வைன் போடுவார். ருசி நன்றாக இருக்கும். ஆனால் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியே நிற்கும், விருந்தினர் முன் வைக்க முடியாது. அண்ணையின் பழைய வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "இதைத் தெளிய வை, கெல்லர் வேலையை உனக்கே தருகிறேன்" என்றார். தண்ணீரில் கை படாத வேலை! எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

இனிப்புப் பகுதியில் நின்ற சுவிஸ் சமையல்காரர் எனக்கு வழி சொன்னார். கேக்குக்குப் போடுகிற ஜெலட்டின் தாளை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் கலங்கலைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்விடுமாம். நான் ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன்.

"அது மாட்டெலும்பும் பண்டித்தோலும் எல்லோ ராசன்," என்றார். "சைவமான ஆள் ஒருத்தர் வந்து குடிச்சால்?"

"ஆர் அண்ணை கேக்கப்போயினம்?"

"கேக்க மாட்டினம். அதாலதான் போடேலாது."

ஏழு நாளும் சைவம் சாப்பிடுகிறவர் அவர். ஜெலட்டின் போட்டது என்று பட்டியலில் எழுதி வைத்தால் போடலாம் என்று முதலாளியிடமே போய்ச் சொன்னார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். வைன் தெளியப் போடுகிற மீனின் காற்றுப்பையும் முட்டை வெள்ளைக்கருவும்கூட அண்ணைக்கு ஆகவில்லை.

மிஞ்சியது பால். ஆடை எடுத்த பாலைக் காய்ச்சாமல் கொஞ்சம் ஊற்ற வேண்டும் என்று அதே சமையல்காரர் சொல்லியிருந்தார். அண்ணை எட்டு ஜாம் போத்தல்களுக்கு இலக்கம் ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேன் வைனை நிரப்பி, ஒவ்வொரு அளவாகப் பால் விட்டார். மறுநாள் மூடியைத் திறந்தால் பழஞ்சீஸ் மணம். மேலே எண்ணெய் மிதந்தது. விசாரித்தால், நல்ல கொழுப்புப் பாலாக வாங்கி, பொங்கப் பொங்கக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றியிருக்கிறார்.

"காய்ச்ச வேண்டாமெண்டெல்லோ சொன்னவர்!" என்று கத்தினேன்.

"பச்சைப் பாலை ஆரும் ஒண்டுக்குள்ள ஊத்துவினமோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கடைசியில் வைன்காரர் பாவிக்கும் களிமண் தூளை வாங்கிக் கரைத்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினார். மூன்று கிழமை பார்த்தோம். கலங்கல் அசையவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குள் தெளியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிரவுச் சாப்பாட்டில் அண்ணைக்குக் கரண்டி பிடிக்கவும் கை வளையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. விசா புதுப்பிக்க அவர் பேர்ன் போயிருந்த ஒரு மத்தியானம், ஜெலட்டின் தாள்களைக் கரைத்து நானே ஊற்றினேன். எட்டாம் நாள் அந்த வைனை ஊற்றிய கிளாசுக்கு அப்பால் பேப்பர் வாசிக்கக்கூடியதாக இருந்தது. "களிமண் பிடிச்சிட்டுது!" என்று அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். ருசி பார்க்க ஒரு வாய் குடித்தார். நான் கிளாசை வாங்கிக் கழுவி வைத்தேன்.

கெல்லர் வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் வெடிப்பெல்லாம் ஆறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய்க் குழம்பைக் கையால் குழைத்து மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் செய்தது சரி என்றே நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அவர் அதே களிமண் தூளை அதே அளவில் போட்டார். தெளியவில்லை. திரும்பவும் எட்டுப் போத்தல், திரும்பவும் இலக்கம். ஒரு காலை என்னிடம் வந்து, "போன வருசம் நீர் என்ன போட்டனீர்?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை, சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று பார்த்தால், "நானும் குடிச்சனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே முதலாளியிடம் புறப்பட்டார். படியில் குறுக்கே நின்று மறித்தேன்.

"பேசாமல் இருங்கோ அண்ணை. உங்கட கையைப் பாருங்கோ!"

"கை என்ர கைதான். வேலை என்ர வேலையில்லை," என்று என்னை விலக்கிக்கொண்டு போனார்.

முதலாளிக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. ஜெலட்டினைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரச் சொன்னார். அண்ணை முடியாது என்றுவிட்டு மறுநாளே கோப்பை கழுவும் தொட்டிக்குத் திரும்பினார். ஜெலட்டின் போடத் தெரிந்தவன் நான்தானே, கெல்லர் எனக்கு வந்தது. யோசித்துச் சொல்ல முதலாளி மூன்று நாள் தந்தார். எனக்கு மூன்று நாளும் தேவைப்படவில்லை.

வசந்தத்தோடு அவர் ஓஸ்டர்முண்டிகனுக்குப் போனார். அங்கும் வாளியும் தண்ணீரும்தான். போய்ப் பார்க்கும்போதெல்லாம், "வைன் என்ன மாதிரி?" என்று சிரித்தபடி கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தரமாவது என்னை ஏசியிருக்கலாம். அந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் விட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கலாம். இதையெல்லாம் இனி யாரிடம் சொல்லிச் சண்டை பிடிப்பது?

பெட்டிக்குள் அவருடைய கைகளைப் பூவால் மூடியிருந்தார்கள். நான் பூவை விலக்கிப் பார்த்தேன். வெடிப்புகள் அப்படியே இருந்தன.

அவர் நினைவாக என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அவருடைய வேலைதான் இருக்கிறது. நாளைக் காலையும் அதற்குத்தான் போகிறேன், ஒரு கீறல்கூட இல்லாத இந்தக் கைகளோடு.